நான்காவது கடிதம்: பார்க்காத எரிமலைக்கும் குளிக்காத வெந்நீருக்கும் பணம் திருப்பித் தரவும்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: ஜப்பான் கியூஷு தீவு 7 நாள் சுற்றுலா, நான்காம் நாள்

ஐயா,

வணக்கம். இதற்கு முன் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரே பதில் வந்தது. நான் கருத்து எதுவும் சொல்லவில்லை ஐயா, பணம் கேட்டிருந்தேன்.

திட்டத்தை நான் விளக்க வேண்டியதில்லை, நீங்கள் விற்றதுதான். குமமோட்டோவிலிருந்து காலை எட்டரைக்குக் கிளம்பினால் பத்தரைக்குள் ஆசோ மலையின் நகாடகே எரிமலை வாய்க்குப் பக்கத்தில் நிற்கலாம் என்று உங்கள் தாளிலேயே இருக்கிறது. கிளம்பியது என்னவோ எட்டரைக்குத்தான். வழியில் உங்கள் வழிகாட்டித் தம்பி ஒரு கடையில் வண்டியை நிறுத்தி, இருபது நிமிஷம் என்றார். ஒன்றேகால் மணி நேரம் ஆனது. கிளம்பும்போது கடைக்காரர் அவர் கையில் ஒரு பிஸ்கட் பெட்டியைத் திணித்ததை என் அம்மா பார்த்தார். அப்புறம் குசசென்ரி புல்வெளியில் குதிரையோடு படம் எடுக்க இன்னொரு அரை மணி நேரம். மேலே பேருந்து நிலையத்துக்குப் போனபோது மணி 11.50. கந்தக வாயு அதிகமாகிவிட்டது என்று 11.35-க்குப் பாதையை மூடிவிட்டார்களாம். பதினைந்து நிமிஷம் ஐயா. எங்களுக்கு முன்னால் போயிருந்த ஒரு குழு, கொதிக்கிற பச்சைத் தண்ணீரைப் போனில் ஒருவருக்கொருவர் காட்டிச் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தது.

மூடியவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. 1997-ல் அதே இடத்தில் சுற்றுலா வந்த இரண்டு பேர் இந்த வாயுவால் செத்திருக்கிறார்கள். காற்று திரும்பினால் மூடுவார்கள், திரும்பவும் திறப்பார்கள். திறந்திருக்கிறதா என்று போனிலேயே பார்க்கலாம். இது எனக்கு வேலூருக்குத் திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. மாதம் ஒரு குழு கூட்டிப் போகிற உங்களுக்குத் தெரியாதா?

அங்கே நின்றுகொண்டே உங்கள் 24 மணி நேர உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். ஒரு மணி நேரம் காத்திருந்தால் திறப்பார்களா, இருக்கட்டுமா, கிளம்பட்டுமா? இவ்வளவுதான் கேட்டேன். எடுத்தவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மேடம், எரிமலை என்ன எங்க அப்பா வீட்டு அடுப்பா, வேணும்னா பத்த வைக்க, வேணாம்னா அணைக்க?" பின்னால் யாரோ சிரித்தார்கள். பேர் கேட்டேன், வைத்துவிட்டார். ஊருக்கு வந்து பதினாலு முறை கூப்பிட்டேன். அதில் மூன்று முறை அதே குரல். ஒருமுறை "ஓ, எரிமலை மேடமா?" என்றே கேட்டார். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு இப்படி ஒரு பட்டப்பெயர்.

விண்ணப்பப் படிவத்தையும் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். என் கணவருக்கு வீசிங் உண்டு என்று ஏழாவது கட்டத்தில் எழுதியிருக்கிறேன். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் எரிமலை வாய்க்குப் போகக் கூடாது என்று அங்கே பலகையே வைத்திருக்கிறார்கள். அதாவது, பாதை திறந்திருந்தாலும் அவர் போயிருக்க முடியாது. அவரிடமும் அதே பணம் வாங்கினீர்கள். "மாஸ்க் போட்டா போதும் சார்" என்றார் உங்கள் விற்பனைப் பெண்.

அடுத்த கட்டத்தில் என் அம்மா. அவருக்குப் பத்து வயதில் வலது முன்கையில் குத்திய பச்சை இருக்கிறது, கோலப் புள்ளிகள் மாதிரி. ஜப்பானில் பச்சை குத்தியவர்களைப் பல வெந்நீர்க் குளியல்களில் விடமாட்டார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் அதை எழுதினேன். "பார்த்துக்கிறோம்" என்றீர்கள். அன்றிரவு தங்கிய குரோகாவா வெந்நீர் விடுதியில் விடுதிக்கார அம்மாள் நாலு முறை குனிந்து மன்னிப்புக் கேட்டு, பொதுக் குளியலில் விட முடியாது, தனிக் குளியல் அறையை முன்கூட்டியே பதிந்திருந்தால் பிரச்சினையே இல்லை, இன்று எல்லாம் நிறைந்துவிட்டது என்று போனில் மொழிபெயர்த்துக் காட்டினார். எழுபத்தோரு வயது அம்மா முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டு, "நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று என்னைக் கேட்டார். நீங்களே வந்து பதில் சொல்லுங்கள்.

உங்கள் விளம்பரத் தாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதில் ஆசோவில் ரோப் காரில் ஏறுகிற படம் இருக்கிறது. 2016 நிலநடுக்கத்தில் சேதமாகி, பிறகு பிரித்தே எடுத்துவிட்ட ரோப் கார் அது. பெப்புவில் "நரகச் சுனைகளில் நீராடல்" என்றும் போட்டிருக்கிறீர்கள். அதில் ஒன்றான உமி ஜிகோகு சுனையின் தண்ணீர் 98 டிகிரி. அதில் முட்டை அவிக்கலாம், மனிதர் இறங்க முடியுமா?

போன மாதம் வேலூரிலிருந்து பஸ் பிடித்து உங்கள் சென்னை அலுவலகத்துக்கே வந்தேன். மேலாளர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். நாலரை மணி வரை சாப்பிட்டார். போக வர எட்டு மணி நேரம், ஒரு நாள் விடுப்பு, மிச்சம் முட்டி வலி.

இதைப் பெரிதாக்க வேண்டாம் என்றுதான் நானும் நினைக்கிறேன். மூன்று பேருக்கும் நான்காம் நாள் கட்டணம், அம்மாவின் மன உளைச்சலுக்கு 2 லட்சம். அதிகம் என்று நினைத்தால் நீங்கள் போய் அம்மாவிடம் பேரம் பேசுங்கள். இனி வாழ்நாளில் அவர் ஒரு எரிமலையைப் பார்க்கப்போவதில்லை. 15 நாளில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் வேலூரிலேயே போடலாம். நீங்கள்தான் பஸ் பிடித்து வர வேண்டியிருக்கும்.

அடுத்த பயணத்துக்கு என்று நீங்கள் அனுப்பிய 1,000 ரூபாய் கூப்பனை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். பதில் எழுத்தில் வேண்டும். போன் வேண்டாம், அந்த ஆளே பேசிவிடப் போகிறார்.

இப்படிக்கு,
எரிமலை மேடம்