கெர்பாவ் சாலை வீட்டில் வண்ணம் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு நம் சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு கெர்பாவ் சாலை வழியாக வந்தேன். வானவில் போலப் பல வண்ணம் பூசிய டான் டெங் நியா வீட்டின் முன்னால் வழக்கம்போலக் கூட்டம். ஒரு சிறுமி, “அப்பா, இது தமிழங்க வீடா?” என்று கேட்டாள். “ஆமா, கலரைப் பார்த்தாலே தெரியலையா?” என்றார் அவர். மீன் பையைப் பிடித்தபடி நடுவில் புகுந்து பாடம் நடத்தக் கூச்சமாக இருந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்த வீடு 1900இல் டான் டெங் நியா என்ற சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, கட்டியது. லிட்டில் இந்தியாவில் மிஞ்சியிருக்கும் கடைசிச் சீன மாளிகை அதுதான். அவருக்குக் கரும்பிலிருந்து மிட்டாய் செய்யும் ஆலைகள் இருந்தன. கரும்புச் சக்கையை வீணாக்காமல், வீட்டுக்குப் பின்னாலிருந்த புகைக்கூடத்தில் ரப்பர் உலர்த்த எரித்தார்கள். சுவர்கள் அப்போது வெள்ளை. இந்த வானவில் பூச்செல்லாம் 1980களில் வீட்டைப் புதுப்பித்த பிறகு வந்த அலங்காரம்.

சரி, அங்கே நமக்குப் பங்கே இல்லையா? உண்டு. அந்த வட்டாரத்து மண்ணில் இருக்கிறது. கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. மாட்டுத் தொழுவங்கள் இருந்த இடம். சிராங்கூன் சாலையில் செங்கல் சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்தன. வீரமாகாளியம்மன் கோயிலை என் அப்பாயி கடைசிவரை சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றுதான் சொல்வார்; கம்பம் என்றால் கிராமம். அதற்கும் முன்பே, 1819இல் சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸோடு வந்த நாராயண பிள்ளை தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை போட்டார். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் சுவரில் இந்தியக் கைதிகள் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு: கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர்.

நானும் கொத்தனார், அப்பாவும் கொத்தனார். பழைய செங்கல் மென்மையானது, தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது. தொண்ணூறுகளில் ஒரு கடைவீட்டில் வேலை செய்தேன். உரிமையாளருக்கு அவசரம், சீனப் புத்தாண்டுக்குள் முடியவேண்டும். சிமெண்ட்டையே பூசி, மேலே பளபளவென்று பெயின்டும் அடித்தோம். எட்டே மாதம். முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, பூச்சு உப்பிக்கொண்டு வந்தது. பெயர்த்தால் செங்கலின் முகமும் சேர்ந்து வருகிறது! அப்பா வந்து விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, “மூச்சு முட்டுதுடா இதுக்கு” என்றார். முழுச்சுவரையும் உரித்து, காயவிட்டு, சுண்ணாம்பில் மறுபடி பூசினோம். கூலியில் பாதி அதிலேயே போயிற்று. தப்பு எங்களுடையதும்தான்; வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே, மாணவர்களை அந்த வீட்டுக்கு அழைத்துவரும் ஆசிரியர்கள் படம் எடுத்து முடித்த பிறகு பத்து நிமிடம் சூளையையும் சுண்ணாம்பையும் பற்றிப் பேசினால் நன்றாக இருக்கும். அப்புறம், இன்னொன்று. இந்த வண்ணங்கள் வருவதற்கு முன் எடுத்த அந்த வீட்டின் படம் வாசகர்கள் யாருடைய பழைய ஆல்பத்திலாவது இருக்கலாம். கிடைத்தால் உங்கள் நாளிதழில் பெரிதாகப் போடுங்கள். அந்தச் சிறுமி வீட்டிலும் உங்கள் பத்திரிகை வாங்குவார்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கொத்தனார்,
பொத்தோங் பாசிர்