இனி கழுத்தால்தான் மூச்சு

அன்புள்ள மகனுக்கு,

பெரியப்பா ஒப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வரும்போது நீயும் வந்து ஒரு மாதம் நிற்கிறேன் என்றது எங்கள் எல்லாருக்கும் பெரிய ஆறுதல். வரமுன் இதை ஆறுதலாக இருந்து இரண்டு தரம் வாசி.

குரல்வளையை முழுதாக எடுத்தபிறகு மூச்சுக்குழாயின் மேல்நுனியைக் கழுத்தின் முன்பக்கம் கொண்டுவந்து தோலோடு தைத்துவிடுவார்கள். வாய்க்கும் நுரையீரலுக்கும் இருந்த தொடர்பு அதோடு முடிந்தது. அந்தத் துளை ஆறி மூடுகிற புண் இல்லை, வாழ்நாள் முழுக்க அதுதான் அவருக்கு மூக்கு. மயங்கி விழுந்தால் ஒட்சிசன் மாஸ்க்கைக் கழுத்தில்தான் பிடிக்கவேண்டும், மூச்சு ஊதுவதும் அந்தத் துளையில்தான். 1990 அம்புலன்ஸ் வந்தால் வாயைத் திறந்து முதல் சொல்லவேண்டியது இதுதான். ஒரு மட்டையில் எழுதி அவரின் சேட் பொக்கற்றிலும் போட்டுவிடு.

மூக்குத்தான் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியை வடித்து உள்ளே விடுகிறது. இனி அது நடக்காது. எங்கள் ஊர்க் காற்றின் புழுதியும் வெக்கையும் நேரே மூச்சுக்குழாய்க்குள் போகும், சளி காய்ந்து பொருக்காகும். வீட்டில் அதிகம் பயப்படவேண்டியது இந்தப் பொருக்குக்குத்தான். பெரிய பொருக்கு ஒன்று அடைத்தால் மூச்சு நின்றுவிடும். அதனால் வைத்தியர் சொல்லுகிற கணக்குக்கு சேலைன் நெபுலைசர் பிடி. துளைக்கு முன்னால் ஈரமான மெல்லிய துணி எப்போதும் தொங்கட்டும், காயக் காய நனைத்துவிடு. சளி தடிப்பாக இருந்தால் 2 அல்லது 3 மில்லிலீற்றர் சேலைனை அவர் மூச்சை இழுக்கும் நேரம் துளைக்குள் விட்டு, இருமவிடு. வெளியே வருவதைத் துவாயால் துடை. பஞ்சு வேண்டாம், அதன் நார் உள்ளே போய்விடும். ரோச் லைற் அடித்துப் பார்த்து, விளிம்பில் தெரியும் பொருக்கை மட்டும் மொட்டை முனைச் சாமணத்தால் எடு, ஆழத்துக்குப் போகாதே. சளியில் நூல்போல இரத்தம் தெரிந்தால் பெரும்பாலும் வறட்சிதான், ஈரப்பதத்தைக் கூட்டு. சிவப்பாக ஓடி வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

துளைக்குள் ரியூப் போட்டிருந்தால் கழற்றி, பிரஷ் விட்டு இளஞ்சூட்டு நீரில் கழுவி, தண்ணீரில் கரைகிற ஜெலி பூசித் திரும்பப் போடு. வஸ்லீன் கூடாது. கட்டும் நாடாவுக்கும் கழுத்துக்கும் இடையில் ஒரு விரல் போகவேண்டும்.

சாப்பாடு முதலில் மூக்கு ரியூபால்தான். உள்ளே தொண்டையைத் தைத்த இடம் ஆற ஒரு கிழமை பத்து நாள் ஆகும், முன்பே கரண்ட், அதுதான் கதிர்வீச்சுச் சிகிச்சை, பிடித்தவர்களுக்கு இன்னும் கூட. சிலரை ரியூபோடுதான் வீட்டுக்கு அனுப்புவார்கள். அப்படியென்றால் நிமிர்த்தி இருத்தி, முன்னும் பின்னும் 30 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டு, சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்துத் தானாக இறங்கவிடு, அமத்தாதே. முடிந்தபிறகும் அரை மணித்தியாலம் படுக்க விடாதே. ரியூப் வெளியே வந்துவிட்டால் நீ திரும்பத் தள்ளக்கூடாது, தையல் கிழிந்துவிடும்.

தினமும் காலை வெளிச்சத்தில் கழுத்துத் தோலைப் பார். சிவந்து வீங்கி, காய்ச்சலும் வந்து, தையலுக்குள்ளால் எச்சில்மாதிரி நீர் கசிந்தால் உள்தையல் விட்டிருக்கிறது. வாயால் ஒரு மிடறும் கொடாமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போ. உதட்டைச் சுற்றி விறைப்பென்று காட்டினால் கல்சியம் குறைந்திருக்கலாம், அதற்கும் பொறுத்திருக்காதே.

வாயால் தொடங்கினபின் கஞ்சி, பிறகு சொதியில் நன்றாக ஊறின இடியப்பம். வழி வேறாகிவிட்டதால் இனிப் புரைக்கேறாது. கதைக்கிறதுக்கென்று மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் ஒரு சிறு துளை போட்டு வால்வ் வைத்திருந்து, தண்ணீர் குடித்தவுடன் இருமினால், வால்வ் ஒழுகுகிறது என்று விளங்கிக்கொள். வால்வ் கழன்றால் அந்தச் சிறு துளை சில மணித்தியாலத்திலேயே சுருங்கத் தொடங்கும். ஆஸ்பத்திரியில் தந்துவிடும் கதீற்றரை, அந்த மெல்லிய குழாயை, அதில் செருகிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. கழன்ற வால்வ் கையில் இல்லையென்றால் உள்ளே போயிருக்கலாம், அதையும் மறக்காமல் சொல்லு.

கிணற்றடியில் தலையோடு வாளி தண்ணீர் ஊற்றிக் குளிக்கிற பழக்கம் போகவேண்டும். கதிரையில் இருத்தி நெஞ்சுக்குக் கீழே வார், தலையைத் தனியாகக் கழுவு. கீரிமலைக் கேணியும் கடலும் இனி இல்லை. அவருக்கு அது பெரிய கவலையாக இருக்கும், கடிந்து சொல்லாதே. மூச்சை அடக்கி முக்கவும் வராது, ஆகையால் மலச்சிக்கல் வரவிடாமல் பப்பாசியும் தண்ணீரும் கொடு. மணமும் தெரியாது, காஸ் ஒழுகினால் நீங்கள்தான் கவனிக்கவேண்டும். சுருட்டு வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது.

கழுத்து நெறிக்கட்டியும் எடுப்பதால் தோள் இறங்கி வலிக்கும், பிசியோ காட்டும் பயிற்சியைத் தவறவிடாதே. கரண்ட் பிடிக்கவேண்டி வந்தால் 6 கிழமைக்குள் தொடங்கவேண்டும், பல்லை அதற்கு முன்பே காட்டிவிடவேண்டும். பிறகு தைரோயிட் இரத்தப் பரிசோதனை, ஆறு மாதத்துக்கொருமுறை.

கதைக்கமுடியாத முதல் நாட்களில் மணி ஒன்று கட்டிலோடு இருக்கட்டும். எழுதுகிறதுக்கு சிலேற் வை. அவர் எழுதி முடிக்கும்வரை பொறு, பாதியில் நீ ஊகித்துச் சொல்லிவிடாதே, அவருக்குக் கோபம் வரும். துளையில் பூட்டுகிற வடிகட்டி மூடிகளை அங்கிருந்து வாங்கி வா. அளவை வைத்தியரிடம் கேட்டு ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா