நாகையிலிருந்து தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் நலம். அப்பாவுக்கு முட்டி வலி இப்போது பரவாயில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. தன் மதத்தில் இருப்பவர்களை மட்டும்தான் கடவுள் ஏற்றுக்கொள்வார், மற்றவர்கள் கும்பிடுவதெல்லாம் வீண் என்று உன் அறையில் கூட இருக்கும் பையன் சொன்னானாமே. "அப்படி இருக்குமாம்மா?" என்று கேட்டாய். உன் குரல் இறங்கியிருந்தது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இருக்காது தம்பி. நான் படித்துச் சொல்லவில்லை, இந்த ஊரில் இருந்து பார்த்துச் சொல்கிறேன்.

உனக்கு 2 வயதில் காய்ச்சல் வந்து நாலு நாள் கண் திறக்காமல் கிடந்தாய். வெள்ளிக்கிழமை தவறாமல் நம் நாகை அம்மன் நீலாயதாட்சிக்கு விளக்குப் போடும் உன் ஆத்தா, நாகூர் ஆண்டவருக்குத்தான் நேர்ந்துகொண்டார். உன் முதல் மொட்டை தர்காவில்தான் போட்டோம். அங்கே நிற்கும் பெரிய மனோரா 131 அடி உயரம். அதைக் கட்டியவர் தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப் சிங். கந்தூரிக் கொடி இன்றும் நம் நாகையிலிருந்துதான் ஊர்வலமாக நாகூர் போகிறது. ஆத்தாவிடம் போய் "எந்தச் சாமி பெரியது?" என்று கேட்டிருந்தால், என்ன கேட்கிறாய் என்றே அவருக்குப் புரிந்திருக்காது.

அப்புறம் 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். உனக்கு அப்போது 7 வயது, கொஞ்சம் ஞாபகம் இருக்கும். நம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் அம்மனைக் கும்பிட்ட வீடுகள் போயின. வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், கடற்கரையில் நின்ற மாதா பக்தர்கள் போனார்கள். நாகூரிலும் சாவு விழுந்தது. நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் பையன்கள் எத்தனையோ பிணங்களைத் தங்கள் கையால் தூக்கினார்கள். யார் எந்த மதம் என்று பார்க்காமல் தர்கா இடத்திலும் குழி தோண்டிப் புதைத்தார்கள்.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அன்றைக்கு நம் தெருவுக்குக் கடல் தண்ணீர் வரவில்லை. ஒரு வாரம் கழித்து எதிர்வீட்டு அக்காவைப் பார்க்கப் போனேன். அவர் மகள் 9 வயதுப் பெண், பாட்டியோடு மாதா கோயிலுக்கு நேர்த்திக்கடன் செலுத்தப் போனவள். திரும்பி வரவில்லை. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "நீலாயதாட்சிதான் நம் தெருவைக் காப்பாற்றினாள்" என்று சொல்லிவிட்டேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப எம் பொண்ண யாரு விட்டுட்டா?" என்று கேட்டார். அவ்வளவுதான். நான் எழுந்து வந்துவிட்டேன்.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. என் உயிர் தப்பியதற்கு நான் சாமிக்கு நன்றி சொல்லலாம், சொல்கிறேன். ஆனால் என் சாமி என்பதால் தப்பினேன் என்று வாயைத் திறந்தால், அந்தக் குழந்தையை யாரோ ஒரு சாமி கைவிட்டது என்றும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அப்படி ஆள் பார்த்துக் கைகொடுக்கும் ஒருவரை என்னால் கடவுள் என்று கும்பிட முடியாது. வேளாங்கண்ணியில் கோயிலுக்குள் தண்ணீர் ஏறவில்லை, மாதாவின் சக்தி என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். அவர்கள் நம்பிக்கையை நான் மறுக்கவில்லை. ஆனால் கரையில் நின்றவர்களும் அதே மாதாவைத் தேடி வந்தவர்கள்தானே?

உன் நண்பனோடு சண்டை போடாதே. அவன் கெட்ட பையனாக இருக்க மாட்டான். தனக்குப் பிடித்தவன் நரகத்துக்குப் போய்விடுவானோ என்ற பயத்தில்கூடச் சொல்லியிருப்பான். எல்லா மதமும் ஒன்றுதான் என்று நீ பதிலுக்குச் சொல்லவும் வேண்டாம். எனக்கே அது சரியாகப் படவில்லை. தொழுகை வேறு, பூசை வேறு, பூசை என்று சொன்னாலும் மாதா கோயில் பூசை வேறு. எனக்கு நீலாயதாட்சிதான், சாகும்வரை அவள்தான். அவளுக்கும் நான் மட்டும்தான் என்று எப்படிச் சொல்வேன்?

உன் அப்பா பக்கத்தில் இருந்து சூடாமணி விகாரத்தையும் எழுதச் சொல்கிறார். கடல் தாண்டி இருந்த ஸ்ரீவிஜய ராஜா நம் நாகையில் புத்தருக்குக் கட்டியது. பெரிய கோயில் கட்டிய ராஜராஜன்தான் அதற்கு ஆனைமங்கலம் ஊரையே எழுதிக்கொடுத்தான். சிவனுக்குக் கொடுத்த அதே கை. அந்த விகாரத்தில் மிச்சம் நின்ற செங்கல் கோபுரத்தை 1867-ல் இடித்துவிட்டார்கள். இடிக்காமல் விட்டிருக்கலாம், நீயும் பார்த்திருப்பாய்.

சரி, ஒரு வேலை சொல்கிறேன். உன் சிங்கப்பூரில் தெலோக் ஆயர் தெருவில் ஒரு நாகூர் தர்கா இருக்கிறது. இங்கிருந்து போனவர்கள் கட்டியது. அதே தெருவில், கடல் தாண்டிப் பிழைத்து வந்த சீனர்கள் கடல் தாய்க்கு நன்றி சொல்லிக் கட்டிய கோயிலும் இருக்கிறது. முன்பு கடல் அந்தத் தெரு ஓரம்வரை வந்ததாம். லீவு நாளில் அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு போய் வா. எதுவும் பேச வேண்டாம், பார்த்துவிட்டு எங்கேயாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

கந்தூரிச் சந்தனம் கொஞ்சம் மடித்து வைத்திருக்கிறேன், நீ வரும்போது தருகிறேன். எதிர்வீட்டு அக்கா உன்னைக் கேட்டார்.

அன்புடன்,
அம்மா