முருங்கைக்கீரை சாப்பிட்டு வருகிறேன் என்றார்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய உன் ஆய்வேட்டின் முதல் இயலை இரண்டு முறை படித்துவிட்டேன். 1942-இல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் கறுப்பர்களின் ரத்தத்தைத் தனியாகப் பிரித்து வைத்ததையும், 1950 வரை அது நிற்காததையும் படித்தபோது கை நடுங்கியது. பிளாஸ்மா சேமிப்பை முன்னின்று நடத்திய டாக்டர் சார்லஸ் ட்ரூவே கறுப்பர்தானாமே! 1990-இல் அமெரிக்க அரசு ஹைட்டி மக்கள் ரத்தம் தரக் கூடாது என்றதும், நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தில் அவர்கள் பல்லாயிரம் பேராகத் திரண்டதும் எனக்குப் புதுச் செய்தி.

"இதைப் படிக்கவா அவ்வளவு தூரம் போனாள்?" என்று பெரியம்மா கேட்டார். நான் வாயே திறக்கவில்லை. காரணத்தை உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், ரத்த வங்கிக்கு ஒரு திருநங்கை வந்தார். பிரசவ வார்டில் இருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்காக வந்தவர். விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டை நீலநிறக் காப்பர் சல்பேட் கரைசலில் விட்டேன். நேராக அடியில் போய் நின்றது. நல்ல ரத்தம்.

ஆனால் ரத்ததானத்துக்கான இந்திய அரசின் 2017 விதிமுறையில் திருநங்கைகள், ஆணோடு உறவுள்ள ஆண்கள், பாலியல் தொழில் செய்யும் பெண்கள் எல்லாரும் நிரந்தரமாக விலக்கப்பட்டவர்கள். அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு நா எழவில்லை. "ரத்தம் கொஞ்சம் கம்மியா இருக்கும்மா" என்று பொய் சொன்னேன்.

"சரிக்கா, முருங்கைக்கீரை சாப்பிட்டு அடுத்த மாசம் வர்றேன்" என்றார்.

எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா என்று ஒவ்வொரு பையையும் சோதித்துத்தான் கொடுக்கிறோம். புதிதாகத் தொற்றிய கிருமி சில நாளுக்குச் சோதனையில் தெரியாது, அதனால் ரத்தம் தர வருபவரிடம் உடலுறவு பற்றிக் கேள்வி கேட்கத்தான் வேண்டும். முப்பது வருடம் அந்த வேலை பார்த்தவள், இதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அதே கேள்வியை எல்லாரிடமும் கேட்கலாமே. பிரிட்டனில் 2021 ஜூனிலிருந்து அப்படித்தான் கேட்கிறார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

அவர் சொன்னபடியே மறுமாதம் வந்தார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டு, நான் உள்ளறைக்குப் போய்விட்டேன். இளைய பெண் ஒருத்தி விதியைச் சொல்லித் திருப்பி அனுப்பினாள். அவர் குரல் எனக்குக் கேட்கவே இல்லை. கதவு சாத்தும் சத்தம் மட்டும் கேட்டது.

ரத்த வங்கியில் வேலை செய்தவர்களைப் பேட்டி எடுக்க ஆள் தேடுவதாகச் சொன்னாயே. என்னை எடு. சனிக்கிழமை ராத்திரி போன் பண்ணு, விழித்திருப்பேன்.

உன் அம்மா