எல்விஸ் பிரெஸ்லியின் பாடல்கள்: பெரம்பூரிலிருந்து ஒரு மாற்று வரிசை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் இணைப்பிதழில் அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் பத்துச் சிறந்த பாடல்கள் என்று ஒரு வரிசை வெளியாகியிருந்தது. விற்பனையையும், அமெரிக்கத் தரவரிசையில் ஒவ்வொரு பாட்டும் எத்தனை வாரம் முதலிடத்தில் இருந்தது என்பதையும் வைத்து அதை அமைத்திருப்பதாகக் கீழே ஒரு குறிப்பும் இருந்தது. அந்தக் கணக்கில் பிழை காண்பதற்காக நான் இதை எழுதவில்லை. கட்டுரையின் முதல் பத்தியில் வரும் 'தாமே எழுதிப் பாடிய' என்ற மூன்று சொற்கள்தான் என்னை எழுத வைத்தன.

எல்விஸ் பாட்டு எழுதியவர் அல்லர். 'ஹார்ட்பிரேக் ஹோட்டல்', 'டோன்ட் பி குரூயல்', 'லவ் மீ டெண்டர்' ஆகிய இசைத்தட்டுகளில் பாடலாசிரியர் பெயர்களோடு அவர் பெயரும் அச்சாகியிருப்பது உண்மைதான் என்றாலும், அது உரிமைத்தொகையில் பங்கு பெறுவதற்காக அவரைச் சேர்ந்தவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. முதல் பாட்டை எழுதியவர்கள் மே போரன் ஆக்ஸ்டனும் டாமி டர்டனும். இரண்டாவது ஓட்டிஸ் பிளாக்வெல் எழுதியது. மூன்றாவதன் மெட்டோ 1861ஆம் ஆண்டிலிருந்து வழங்கிவரும் 'ஆரா லீ' என்ற பழைய பாட்டுடையது. டி.எம். சௌந்தரராஜன் பாடி, கண்ணதாசனோ வாலியோ எழுதி, விஸ்வநாதன் மெட்டமைத்த ஒன்றை 'எம்.ஜி.ஆர். பாட்டு' என்று கூச்சமின்றிச் சொல்லிப் பழகிய நமக்கு இது விளங்காத விஷயமல்ல. ஆனால் ஒருவர் பாட்டை எழுதவில்லை என்று ஒப்புக்கொண்ட பிறகு, அவருடைய பாடல்களை எந்த அளவுகோலால் வரிசைப்படுத்துவது என்ற கேள்வி வந்தே தீரும். பாட்டு எவ்வளவு நல்ல பாட்டு என்பதற்கான மதிப்பெண் எழுதியவருக்குப் போகட்டும். இன்னொருவர் வாயிலிருந்து வந்த பாட்டை வாங்கி இவர் என்ன செய்தார் என்பதற்குத்தான் இவருக்கு மதிப்பெண் தர வேண்டும் என்பது என் கட்சி.

இந்த அளவுகோலை நான் கற்றுக்கொண்டது வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும்தான். எங்கள் பக்கத்துச் சாவு வீடுகளில் இரவெல்லாம் நடக்கும் கானாவில், யார் கட்டிய பாட்டு என்பது பல நேரம் ஒருவருக்கும் தெரியாது. முந்தைய வாரம் ஓட்டேரியில் ஒருவர் பாடியதை இங்கே இன்னொருவர் எடுத்து, தெருப் பெயரையும் இறந்தவர் பெயரையும் மாற்றி, ஓர் அடியை இழுத்து, ஓர் அடியை விழுங்கிப் பாடும்போது, கூட்டம் டோலக்கை நிறுத்தச் சொல்லிவிட்டுத் திரும்ப ஒருமுறை கேட்டால் அந்த இரவுக்குப் பாட்டு அவருடையது. எல்விஸை நான் அப்படித்தான் கேட்கிறேன்.

என் தகுதியையும் சொல்லிவிடுகிறேன். பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் முப்பத்தாறு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் சிறுவயதில் எங்கள் ரயில்வே குடியிருப்பில் அடுத்த வீட்டில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் இருந்தது. அந்த அங்கிள் நீராவி எஞ்சின் டிரைவர். மாலையில் குளித்துவிட்டு ரேடியோவில் இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பை வைப்பார். சம்பள நாள் கடந்த ஞாயிறுகளில் ரிக்கார்டு பிளேயர் திண்ணைக்கு வரும். 1971இல் அவர்கள் ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது ஒரு தகரப்பெட்டி நிறைய இசைத்தட்டுகளை என் தந்தையிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். பொருள் புரியாமலே பாதிப் பாட்டு மனப்பாடம் ஆகிவிட்டது. பொருள் புரிந்த பிறகு சிலவற்றின் மீது மதிப்புக் குறைந்ததையும் மறைப்பதற்கில்லை.

என் வரிசையில் முதலிடம் 'மிஸ்டரி டிரெயின்'. தங்கள் பட்டியலில் இதற்கு இடமே இல்லை; விற்பனைக் கணக்குப்படி இருக்கவும் முடியாது, ஏனெனில் 1955இல் சன் நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டின் ஒரு பக்கமாக மட்டுமே இது வந்தது. மெம்பிஸ் நகரத்தின் அதே சன் நிறுவனத்துக்காக 1953இல் இதை முதலில் பாடியவர் ஜூனியர் பார்க்கர். அவருடையது நிதானமான, கனத்த பாட்டு. காதலியை ஏற்றிக்கொண்டு போகும் பதினாறு பெட்டி ரயிலைப் பார்த்தபடி நடைமேடையில் நின்றுவிட்டவனின் பாட்டு. எல்விஸ் அதை எடுத்துக்கொண்டபோது டிரம்ஸ் கிடையாது. ஸ்காட்டி மூரின் மின்கிட்டார், பில் பிளாக்கின் பெரிய பாஸ், இவருடைய கிட்டார் ஆகிய மூன்றே கருவிகளில் ரயில் கிளம்பிவிடுகிறது. விரலால் எண்ணிக்கொண்டே கேட்டால் சில இடங்களில் ஓரிரு தட்டு கூடிவந்து எண்ணிக்கை தவறும். அது குறை என்று ஒரு காலத்தில் நினைத்தேன். இப்போதைய தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்துவிடுவதால் சத்தம் வழுக்கிக்கொண்டு போகிறது. ஃபிஷ் பிளேட் போட்டு இணைத்த பழைய தண்டவாளத்தில், அதுவும் பேசின் பிரிட்ஜ் பக்கம் பாதை மாறும் இடத்தில், சக்கரச் சத்தம் ஒரு தட்டுக் கூடித்தான் விழும். பதினாறு பெட்டி கடந்து முடிய எவ்வளவு நேரமாகும் என்பது பெட்டி செய்தவனுக்குத் தெரியும். அந்த நீளம் பாட்டில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பார்க்கரிடம் துக்கமாக இருந்தது இவரிடம் சவாலாக மாறுகிறது. ரயிலிடம் தோற்றவன் பாடுகிற மாதிரியே இல்லை. கடைசியில் பாட்டு தேய்ந்து மறையும்போது இருபது வயது இளைஞனின் சிரிப்பொன்று கேட்கும். அதைப் பதிவிலிருந்து நீக்காமல் விட்ட சன் நிறுவன உரிமையாளர் சாம் பிலிப்ஸுக்கு என் நன்றி.

இரண்டாமிடம் 'ஹார்ட்பிரேக் ஹோட்டல்'. தங்கள் பட்டியலிலும் இது மேலே இருப்பதால் அதிகம் சொல்லவில்லை. 1956 ஜனவரி 10 அன்று, ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்கு மாறியபின் பாடிய முதல் அமர்வு அது. சன் நிறுவனப் பதிவுகளில் கேட்கும் எதிரொலியை அங்கே கொண்டுவரத் தெரியாமல் கட்டடத்தின் நடைவழியையே எதிரொலிக்குப் பயன்படுத்தினார்கள் என்பார்கள். குரல் காலியான கட்டடத்துக்குள் நின்று பாடுவது போலத் தனித்துக் கேட்பதற்கு அது உதவியிருக்கிறது.

மூன்றாமிடத்தில் 'இஃப் ஐ கேன் டிரீம்'. மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4 அன்று சுட்டுக்கொல்லப்பட்ட மெம்பிஸ், எல்விஸ் வாழ்ந்த ஊர். அவ்வாண்டு ஜூனில் பதிவான தொலைக்காட்சி நிகழ்ச்சியைக் கிறிஸ்துமஸ் பாட்டோடு முடிக்க வேண்டும் என்பது அவருடைய மேலாளர் டாம் பார்க்கரின் விருப்பம். வால்டர் ஏர்ல் பிரவுன் எழுதிக் கொடுத்த இந்தப் பாட்டைத்தான் எல்விஸ் பாடினார். நிகழ்ச்சி டிசம்பர் 3 அன்று ஒளிபரப்பானது. இதில் குரல் சில இடங்களில் கிழிகிறது. பல ஆண்டுகள் தாம் நடித்த சினிமாக்களில் படத்துக்குப் படம் சர்க்கரைப்பாகு ஊற்றிப் பாடியவர், கிழிந்தாலும் பரவாயில்லை என்று ஒருநாள் பாடினார் என்பதே எனக்குப் போதும். அந்தப் படப்பாடல்களைப் பற்றி என் கருத்து, ஒன்றிரண்டு தவிர, அவற்றைப் பேசாமல் விடுவதே அவருக்குச் செய்யும் மரியாதை.

'சஸ்பிஷியஸ் மைண்ட்ஸ்' நான்காவது. எழுதிய மார்க் ஜேம்ஸ் 1968இல் தாமே பாடி வெளியிட்டும் எடுபடாத பாட்டு இது. 1969 ஜனவரியில் அதே மெம்பிஸில் சிப்ஸ் மோமனின் ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்விஸ் பாடினார். அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. அவர் உயிரோடிருந்தபோது அங்கே அவருக்குக் கிடைத்த கடைசி முதலிடமும் அதுதான். முடியப்போகும் நேரத்தில் பாட்டு மெல்லத் தேய்ந்து, ஏறக்குறைய மறைந்து, மறுபடி எழும்பி வரும். அடுத்த வீட்டு அங்கிள் கடைசியாக வாங்கிய இசைத்தட்டுகளில் இது ஒன்று. முதன்முறை என்னை ஊசி வைக்கச் சொன்னபோது, பாட்டு முடிந்துவிட்டதென்று நான் ஊசியை எடுத்துவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளாமல், விட்டுப் பிரிய முடியாத இருவருடைய சண்டை அவ்வளவு சீக்கிரம் முடியாது என்றார். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, புரியவில்லை.

ஐந்தாமிடம் பற்றி வீட்டில் இன்னும் தகராறு இருக்கிறது. ராணுவத்திலிருந்து திரும்பிய சில வாரங்களில், 1960 ஏப்ரல் 3ஆம் தேதி மாலை தொடங்கி விடிய விடிய நாஷ்வில் நகரில் எல்விஸ் பாடிய அமர்வில், 'இட்ஸ் நவ் ஆர் நெவர்', 'ஆர் யூ லோன்சம் டுநைட்', 'ரீகன்சிடர் பேபி' ஆகிய மூன்றும் பதிவாயின. முதலாவது 1898இல் வந்த இத்தாலிய மெட்டு. இரண்டாவதை விளக்குகளை அணைத்துவிட்டு இருட்டில் பாடினார். உலகம் இவ்விரண்டையும்தான் வாங்கியது. தங்கள் பட்டியலும் அப்படியே. நான் மூன்றாவதை ஐந்தாமிடத்தில் வைக்கிறேன். லோவல் ஃபுல்சனின் புளூஸ் (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோக இசை) பாட்டான இதில் பாடகருக்கு அவசரமே இல்லை, யாரையும் மயக்கும் நோக்கமும் இல்லை. பூட்ஸ் ராண்டால்ஃபின் சாக்ஸபோன் பேசி முடிக்கும்வரை காத்திருந்து பதில் சொல்கிறார். என் மனைவி 'ஆர் யூ லோன்சம் டுநைட்' பாட்டின் நடுவில் வரும் வசனத்துக்காகவே அதை முதலிடத்தில் வைக்கச் சொல்கிறாள். வசனம் பேசுவதில் நம்மவர்களைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது சாதாரணம் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

'தட்ஸ் ஆல் ரைட்', 'டோன்ட் பி குரூயல்', 'ஹவ் கிரேட் தௌ ஆர்ட்', 'புளூ மூன்' ஆகியவை அடுத்த நான்கு இடங்களில் வருகின்றன. இவற்றுள் மூன்றாவதைப் பற்றி மட்டும் ஒரு சொல். போட்டிப் பிரிவுகளில் எல்விஸுக்குக் கிடைத்த மூன்று கிராமி விருதுகளும் பக்திப் பாடல்களுக்கே கிடைத்தவை. அவற்றுள் இரண்டு இந்தப் பாட்டின் பெயரால் வந்தவை. ராயபுரத்துத் தேவாலயங்களில் வளர்ந்தவர்களிடம் கேட்டால் இதை ஏழுக்கும் மேலே ஏற்றுவார்கள். ஸ்வீடனில் பிறந்த பாட்டை மிசிசிப்பியில் பிறந்த எல்விஸ் பாடி வடசென்னையில் ஒருவர் கண் கலங்குகிறார் என்றால், வாரக்கணக்கால் அளக்க முடியாத ஏதோ ஒன்று அதில் இருக்கத்தான் வேண்டும். பத்தாமிடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். 1977 ஜூன் 21 அன்று ரேபிட் சிட்டி நகரில் தாமே பியானோ வாசித்துப் பாடிய 'அன்செயின்ட் மெலடி' அங்கே வந்திருக்க வேண்டியது. உடல் வீங்கி, முகம் வியர்த்து, குரல் மட்டும் பழையபடி மேலேறும் அந்தக் காட்சிக்குப் பின் ஐம்பத்தாறே நாளில் அவர் இறந்தார் என்பது நினைவுக்கு வரும்போது, அதற்கு எண் போடக் கை வரவில்லை.

'ஹவுண்ட் டாக்' எங்கே என்று கேட்பார்கள். தங்கள் பட்டியலின் முதலிடம் என் பட்டியலில் எங்குமில்லை. 1956 ஜூலை 2 அன்று நியூயார்க்கில் முப்பத்தொரு முறை பாடிப் பதிவு செய்தார்கள், உழைப்பில் குறையில்லை. ஆனால் ஜெர்ரி லீபரும் மைக் ஸ்டோலரும் இதை எழுதியது பிக் மாமா தார்ன்டனுக்காக. 1953இல் வெளியான அவருடைய இசைத்தட்டில், தன்னை ஏய்த்துத் தின்றுவிட்டுத் திரியும் ஒரு ஆணை வாசலில் நிறுத்தி ஒரு பெண் வாங்கு வாங்கென்று வாங்குகிறாள். எங்கள் தெருக்குழாயடியில் கேட்டுப் பழகிய குரல் அது. எல்விஸ் கைக்கு வரும்போது, இடையில் வேறு குழுவினர் சொற்களை மாற்றியதால், அந்த ஆண் மறைந்துபோய் முயல் பிடிக்கத் தெரியாத வெறும் நாய்தான் மிஞ்சுகிறது. வேகம் கூடியது, கதை தொலைந்தது. பிறர் பாட்டை வாங்கி என்ன செய்தார் என்ற என் அளவுகோலில் இது தோல்வி. அதே நாளில் அதே இடத்தில் பாடிய 'டோன்ட் பி குரூயல்' எவ்வளவோ மேல்.

தாங்கள் இந்த வரிசையை ஏற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 1954 ஜூலையில் எல்விஸைத் தொடங்கி வைத்த 'தட்ஸ் ஆல் ரைட்' பாட்டை எழுதி, 1946இலேயே பதிவு செய்திருந்த ஆர்தர் குரூடப், தமக்குச் சேர வேண்டிய உரிமைத்தொகை கைக்கு வராமலே 1974இல் காலமானார். தங்கள் இணைப்பிதழில் இப்படியொரு பட்டியல் மறுபடி வருமானால், ஒவ்வொரு பாட்டின் கீழும் அதை எழுதியவர் பெயரையும் முதலில் பாடியவர் பெயரையும் ஒரு வரியில் சேர்த்து அச்சிடக் கேட்டுக்கொள்கிறேன். பத்துப் பாட்டுக்குப் பத்து வரிதான் கூடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்பெட்டித் தொழிற்சாலை ஊழியர்,
பெரம்பூர், சென்னை.