யாருக்குப் பகல் தூக்கம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நம் மலேசியத் தோட்டத்து மக்கள் முன்னேறாமல் போனதற்குப் பகல் தூக்கமும் ஒரு காரணம் என்று கடந்த ஞாயிறு பதிப்பில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். மதியம் இரண்டு மணிக்குத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பக்கம் போனால் ஆள் அரவமே இருக்காதாம். அவர் பார்த்தது உண்மைதான். அந்த வீட்டுக்காரர்கள் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்பதையும் கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம்.

பால்மரம், அதாவது ரப்பர் மரம், விடியலில்தான் நன்றாகப் பால் விடும். வெயில் ஏற ஏறப் பட்டைக்குள் அழுத்தம் குறைந்து பால் ஓட்டம் தளர்ந்துவிடும். இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கு எடுப்புக்கு, நின்றது அதற்காகத்தான். நான்கு மணிக்கே எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். சமைத்து வைத்து, தூங்கும் பிள்ளையை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அம்மா தன் மரவரிசையான நிரைக்குப் போவார். மரப்பட்டையைக் கீறி வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்து வீடு திரும்ப ஒரு மணி தாண்டிவிடும். சிமெண்டுத் தரையில் முந்தானையை விரித்து அவர் சற்றுக் கண்ணயர்ந்ததைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனாலும் வாசகர் சொன்னதை முழுக்கத் தள்ளிவிடவும் முடியவில்லை. பால்மரம் போய் எண்ணெய்ப் பனையான செம்பனை வந்தது. தோட்டத்தை விட்டு டவுனுக்குக் குடிவந்தோம், வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றோம். பகல் தூக்கத்தை மட்டும் விடவில்லை. காலை ஏழரைக்கு எழுந்து, மதியம் சோற்றை ஒரு பிடி பிடித்துவிட்டு, ஐந்து மணிவரை உறங்கும் என் வயதுக்காரர்கள் சுங்கை சிப்புட்டில் நிறையப் பேர். இரவு பன்னிரண்டானாலும் இவர்களுக்குக் கண் மூடாது. பிறகு கிளினிக்கில் போய்த் தூக்க மாத்திரை கேட்பார்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். இரவில் தூக்கத்தை அழைத்து வருவது அதுதான். மாலைவரை தூங்கி அதைக் கரைத்துவிட்டால் இரவில் புரண்டு படுக்க வேண்டியதுதான்.

மதியச் சோர்வுக்குச் சோறு மட்டுமே காரணமல்ல. உடலின் கடிகாரத்திலேயே அந்த நேரத்தில் ஓர் இறக்கம் இருக்கிறது. பட்டினி கிடப்பவருக்கும் கொட்டாவி வரும். தவிர, 1982 ஜனவரி 1-இல் தீபகற்ப மலேசியாவின் நேரத்தை அரை மணி முன்னே தள்ளிய பிறகு நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவதே ஒன்றேகால் வாக்கில்தான். ஆகவே இரண்டு மணிக்குக் கண் சொருகினால் இருபது நிமிடம் தூங்குங்கள். அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த உறக்கத்தில் விழுந்து, எழும்போது தலை கனக்கும், வீட்டிலிருப்பவர்கள்மேல் எரிச்சல் பாயும்.

இதயத்துக்கு நல்லதா என்று கேட்டால் ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. கிரேக்க நாட்டில் 23,000-க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் மூன்று முறையாவது, அரை மணி நேரமாவது பகலில் தூங்கியவர்களிடையே இதய நோய் மரணம் 37 விழுக்காடு குறைவாக இருந்தது. நாள்தோறும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூங்குவோரிடம் நீரிழிவு கூடுதல் என்கின்றன வேறு பல ஆய்வுகள். தூக்கம் நோயைக் கொண்டுவந்ததா, நோய் தூக்கத்தைக் கொண்டுவந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். குறட்டையில் மூச்சு தடைபடுகிறவர் இரவு முழுதும் படுத்திருந்தும் தூங்காதவரே; பகலில் அவர் சாயத்தான் செய்வார். இந்நாட்டில் நீரிழிவு இந்தியர்களிடம்தான் அதிகம். எனவே புதிதாகத் தினமும் தூக்கம் அமுக்குகிறது என்றால், முதலில் அரசாங்க கிளினிக்கில் ரத்தம் சோதித்துப் பாருங்கள்.

நான் தொழிற்சாலை பஸ் ஓட்டியவன். பன்னிரண்டு மணி நேர ஷிப்டு முடிந்து ஏறும் பிள்ளைகள், பஸ் கிளம்பும் முன்பே கண்ணாடியில் தலை சாய்த்துவிடுவார்கள். அவர்களைவிட எனக்குப் பயம், மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகிறவர்களை நினைத்துத்தான். தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் குறைந்தது 30 நிமிடம் ஓய்வு தர வேண்டும் என்று 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டமே சொல்கிறது. அந்த அரை மணியில் இருபது நிமிடம் தலை சாய்க்க ஒரு நாற்காலியும் மின்விசிறியும் போதும். ஆனால் ஓய்வு நேரத்தில் கண் மூடிய ஜாகாவை, அதாவது காவலாளியை, கைப்பேசியில் படம் பிடித்து வேலையிலிருந்து நிறுத்துகிறார்கள். நாசாவோ நெடுந்தூர விமானிகளுக்கே 40 நிமிட ஓய்வு கொடுத்துச் சோதித்தது. சராசரியாக 26 நிமிடம் தூங்கிய அவர்கள், தூங்காதவர்களைவிட விழிப்பாக விமானம் ஓட்டினார்கள்.

லாரி, பஸ் ஓட்டும் தம்பிகளுக்கு ஒன்று: கண் எரிந்தால் நெடுஞ்சாலையோரச் சுங்கை பேராக் ஓய்வுத் தலத்தில் நிறுத்தி, பால் சேர்க்காத ஒரு கோப்பி ஓ குடித்துவிட்டு உடனே சாய்ந்துகொள்ளுங்கள். கோப்பியின் வேகம் ஏற இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும். அதற்குள் ஒரு குட்டித் தூக்கம் முடிந்துவிடும்.

தங்கள் ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் இரவு ஷிப்டு வேலை செய்வோரின் தூக்கம் பற்றி ஒரு மருத்துவரை எழுதச் சொல்லுங்கள். தொழிற்சங்கத்தார் யாராவது படித்தால், ஓய்வறை விஷயத்தை அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் எழுப்பட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர்,
சுங்கை சிப்புட், பேராக்.