எண்ணூர்ச் சேற்றையும் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. மீனவர்கள் வாளியும் கையுமாக அள்ளினார்கள். படலம் கண்ணிலிருந்து மறைந்ததும், மிச்சத்தை பாக்டீரியா தின்றுவிடும் என்று பேச ஆரம்பித்தார்கள். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் இதே ஆறுதலைத்தான் கேட்டேன். உயிரியல் கற்பித்தவன் என்ற முறையில் இதை மறுக்காமல் இருக்க முடியவில்லை.

பாக்டீரியா எண்ணெயைத் தின்பது உண்மை. ஆல்கனிவோராக்ஸ் என்ற வகை சுத்தமான கடலில் அரிதாகவே இருக்கும். எண்ணெய் சிந்தியதும் மளமளவென்று பெருகும். ஆனால் அதற்கு ஆக்சிஜன் வேண்டும். கழிமுகச் சேற்றிலோ ஆக்சிஜன் சில மில்லிமீட்டருக்கு மேல் இறங்குவதில்லை. மேலே படிந்த பழுப்பு ஏட்டைக் கிளறினால் கீழே கன்னங்கரேலென்று இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அங்கே வாழ்பவை கடல்நீரின் சல்பேட்டைக் கொண்டு சுவாசிப்பவை. அவற்றிலும் சில எண்ணெயைச் சிதைக்கும், மிக மெதுவாக. 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் கொட்டிய எண்ணெய், 2001இலும் கரையைத் தோண்டிய இடங்களில் வெளிப்பட்டது. பாக்டீரியா வளரட்டும் என்று அங்கே பல கரைகளில் உரமும் தெளித்திருந்தார்கள்.

எண்ணெய் தின்னும் சில வகைகள் பெருகும்போது மற்றவை ஒடுங்கிப்போகின்றன என்பதையும் யாரும் பேசுவதில்லை. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் நச்சைத் தாங்காதவை. அவை குறைந்தால் அம்மோனியா தேங்கும். இறாலுக்கு அது நஞ்சு. பறி என்ற கூடையை வாயில் கவ்விக்கொண்டு, இருளர் பெண்கள் கையால் துழாவி இறால் பிடிப்பது இந்தச் சேற்றில்தான்.

அனல்மின் நிலையச் சாம்பலும் இதில் கலந்திருக்கிறது. ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை அந்தக் கருஞ்சேற்றின் கந்தகம் பிடித்து வைத்திருக்கும். சேற்றைக் கலக்கிக் காற்றுப் பட வைத்தால் பிடி தளரும். முகத்துவாரத்தைத் தூர்வாரச் சொல்லி மீனவர்கள் கேட்பது முழுக்க நியாயம். அதற்கு முன்னால் அந்தச் சேற்றில் என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீரைச் சோதித்தால் மட்டும் போதாது. குழாய் இறக்கிச் சேற்றை எடுத்து, ஆழவாரியாகப் பிரித்து, எண்ணெய், உலோகம், நுண்ணுயிர்களின் டிஎன்ஏ மூன்றையும் மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கப் பழவேற்காட்டில் மாசு குறைந்த ஓர் இடத்திலும் மண் எடுக்கலாம். முடிவுகளைத் தமிழில் எழுதி, காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக்குப்பத்திலும் மக்கள் படிக்கும்படி ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியர்,
திருவொற்றியூர்